பியேரின் நீர்வீழ்ச்சி

போன கோடையில் மகளுக்கு நீர்வீழ்ச்சி காட்டுவதற்கு நான் இடம் தேடிய விதத்தைப் பார்த்துக் கணவர் சிரித்தார். தண்ணீர் எவ்வளவு ஆழம், பாறை வழுக்குமா, பக்கத்தில் மருத்துவமனை எங்கே என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். விசாரித்த பிறகும் தூக்கம் வரவில்லை. கடைசியில் பத்து வயதில் நான் தேர்ந்தெடுத்த அதே அருவிக்கே போவது என்று முடிவானது. என் குடும்பம் எனக்குக் காட்டாமல் விட்ட அருவி அது. அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை.

அப்போது பாரிஸின் லா சப்பலில், ரூ பஜோல் தெருவுக்கு அருகே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், கூடத்தில் படுக்கும் மாமா. மாமா அம்மாவின் தம்பி, முந்தைய ஆண்டுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குக் ‘கார்ட்’ இல்லை என்று வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நூலக அட்டை மாதிரி ஏதோ ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். அவர் வெளியே போவதே குறைவு. ஒரு நாளாவது அவரை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா சொன்னதில்தான் பயணப் பேச்சே தொடங்கியது.

பிரெஞ்சு நன்றாக வாசிப்பவள் என்பதால் இடம் தேடும் வேலை எனக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நீர்வீழ்ச்சி கிடையாது. கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள், நீர்வீழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தார்கள். ஓர் ஏரியைச் சொன்னேன். நீச்சலுடை இல்லாமல் இறங்க விடமாட்டார்கள் என்று அம்மா மறுத்தார். சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் தட்டுத் தட்டாக விழும் அருவியின் படத்தைக் காட்டினேன். அப்பா படத்தைப் பார்க்கவேயில்லை.

“எல்லைப் பக்கம் வேண்டாம்” என்றார்.

பிறகுதான் மோர்வான் மலைக்காட்டில் அதைக் கண்டுபிடித்தேன். மரங்களுக்கு நடுவே விழுந்து, கீழே இடுப்பளவு தண்ணீராகத் தேங்கும். உடுப்போடு இறங்கலாம். எல்லாரும் ஓம் என்றார்கள்.

சித்தப்பாவின் வான் வண்டியில் போனோம். அவர் கட்டட வேலை செய்பவர். வானுக்குள் சீமெந்து மணக்கும், பின்னால் தலைக்கவசங்கள் உருளும். மாமா புரியாணிச் சட்டியை அணைத்துக்கொண்டு அம்மாவோடு பின்னால் இருந்தார். நான் முன்னால், சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், மடியில் வரைபடத்தோடு.

அருவிக்குக் கொஞ்சத் தூரமே இருந்தது. மலைப்பாதையில் எதிரே வந்த கார் ஒன்று விளக்கை இரண்டு தரம் அடித்து அணைத்தது. சித்தப்பா கை தூக்கினார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்தேன். அவருக்கு எல்லா இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். உடனே வானை வெட்டித் திருப்பி, வலப்பக்கம் பிரிந்த ஒடுங்கிய பாதைக்குள் விட்டார்.

“சித்தப்பா, நேரை போகவேணும்.”

“இல்லைப் பிள்ளை, அந்த போர்ட்டைப் பார். ‘ஷூட் து பியேர்’ எண்டு போட்டிருக்கு. பியேரின்ரை நீர்வீழ்ச்சி இஞ்சாலைதான்.”

சிவப்புக் கரையிட்ட முக்கோணம். மலையிலிருந்து கல் உருளுவது படமாகவே வரைந்திருந்தது. பிரெஞ்சில் ‘ஷூட்’ என்றால் விழுதல், நீர்வீழ்ச்சிக்கும் அதே சொல்தான். பியேர் என்று ஆட்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் பியேர் என்றால் கல்.

“அது கல்லு விழும், கவனம் எண்டு போட்டிருக்கு, சித்தப்பா.”

“கல்லு விழுற இடத்திலை தண்ணியும் விழும்தானே.”

அப்பாவைப் பார்த்தேன். “சித்தப்பா சொல்லுறதைக் கேள்” என்றார். வாசிக்கத் தெரியும் என்றுதானே என்னிடம் வேலையைக் கொடுத்தார்கள்? பிறகு ஏன் வாசித்துச் சொன்னால் கேட்கவில்லை?

பாதை ஒரு பாறைச் சரிவின் அடியில் முடிந்தது. பாறைக்குக் கம்பிவலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் கணுக்கால் நனையும் ஓடை. சித்தப்பா இறங்கி, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

“பியேர் இண்டைக்கு லீவு போலை.”

மாமா சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வானில் சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். “அண்ணை... அண்ணை...” என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அவருக்காகத் தேடிய அருவி போய்விட்டது, அவரோ சிரிக்கிறார். வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் யார் வழி தவறினாலும் பியேர் வீட்டுக்குப் போய்வந்ததாகத்தான் பேச்சு. சித்தப்பா ஒருமுறைகூட மறுத்ததில்லை.

போன கோடையில் அதே மலைப்பாதையில் போனோம். எதிரே வந்த கார் விளக்கை இரண்டு தரம் அடித்து அணைத்தது. கணவர் வேகத்தைக் குறைத்தார்.

“முன்னாலை பொலிஸ் நிக்குது போலை.”

வளைவு தாண்டியதும் நின்றார்கள். ஒவ்வொரு வண்டியாக மறித்து, உள்ளே இருந்தவர்களை எட்டிப் பார்த்து, வதிவிட, அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். எங்களுடையதைத் திருப்பித் தந்து, மகளுக்குக் கையசைத்தார்கள். நான் திரும்பி அந்த முக்கோணத்தைத் தேடினேன். கட்டடங்களில் ‘ஷூட்’ என்று எழுதிய எச்சரிக்கையைத் தினமும் கடந்து சாரத்தில் ஏறிய சித்தப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாமலா இருந்திருக்கும்?

ஓர் ஓடையில் கால் நனைக்க ஒருவர் ஒளிய வேண்டியிருந்தது, இன்னொருவர் முட்டாளாக வேண்டியிருந்தது. இந்தக் கோபம் புதிது. பழையதும் போகவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். என் மகளிடம் நான் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஓம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று.

அன்று மாமா உடுப்போடு ஓடையில் மல்லாந்து படுத்திருந்தார். தண்ணீர் அவர் காதைக்கூட முழுதாக மூடவில்லை. பிறகு எழுந்து வந்து, சொட்டச் சொட்ட நின்று, வான் கண்ணாடியைத் தட்டினார்.

“வா பிள்ளை, குளிப்பம்.”

“இது நீர்வீழ்ச்சி இல்லை” என்று உள்ளிருந்தே கத்தினேன்.

“தெரியும் பிள்ளை. எனக்கு இது காணும், போதும்.”

தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.