உடனே சொல்லவும்

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் லயமே, வரிசையாக ஒட்டியிருக்கிற அத்தனை வீடும், சிரித்தது. மஸ்கெலியாவிலிருந்து ஐந்து கட்டை தூரம் மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. "இங்க பிரஷருக்கு மாத்திர கெடைக்கல, இது நிலாவுக்கு ஊசி போடப் போகுதாம்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அங்க போறவங்களுக்கும் வகுறு வலிக்கும்ல? பாக்க ஆளு வேணும்ல?" என்றாள். படிப்பைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

பயிற்சி வெளிநாட்டில். அதன் கடைசிக் கட்டம் ஒரு மூடிய கூடம். ஜன்னல் கிடையாது. ஆறு பேர், ஆறு வாரம். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கப்பலில் இருப்பதுபோல உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருக்கிற நிலையத்திடம் ஒன்று கேட்டால் அது போய்ச் சேர இருபது நிமிஷம், பதில் வர இன்னொரு இருபது நிமிஷம் ஆகும். அந்தத் தாமதத்தை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். ஆறு பேரில் நான்தான் டாக்டர். பலகையில் வாரால் கட்டிய பொம்மைக்குக் குடல்வால் அறுவை செய்வேன். கையில் இருக்கிற கத்தரிக்கோலைக் கீழே வைக்க முடியாது, மிதந்து போய்விடும் என்று நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும். முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்தது.

உள்ளே போகிறதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது வீட்டில் யாராவது இறந்துபோனால் உடனே சொல்ல வேண்டுமா, வெளியே வந்த பிறகு சொல்ல வேண்டுமா? நீண்ட பயணம் போகிறவர்களிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது டாக்டரின் வேலை என்று பாடத்தில் இருந்தது. என்னோடு வந்த ஒருவன் "பிறகு" என்று எழுதினான். சரியான கோழை என்று மனதுக்குள் திட்டினேன். நான் "உடனே சொல்லவும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் சொன்னால்தானே நிலையத்துக்குத் தெரியும்? அப்பாவுக்குப் போன் போட்டு நிலையத்தின் நம்பரைக் கொடுத்தேன்.

"ஏதாச்சும் ஒன்னுன்னா இதுக்கு அடிங்கப்பா. இங்கிலீஷ் வரலன்னா என் பேர மட்டும் சொல்லுங்க, போதும்."

"வாயக் கழுவு மொதல்ல. நல்ல காரியத்துக்குப் போறப்ப பேசுற பேச்சா இது?" என்றார் அப்பா. நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார்.

வாரம் ஒரு தடவை வீட்டிலிருந்து குரல் பதிவு வரும். முதல் வாரம் அம்மா பேசினாள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டாவது வாரம் அப்பா பேசினார். "அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கும்மா. நீ நேரத்துக்குச் சாப்புடு. தலைக்கு எண்ண வையி." அப்பா என் தலையைப் பற்றி என்றைக்கும் பேசியதில்லை. அவருக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டது. தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறவன். பெஞ்சாதி பிள்ளையோடு அங்கேயே இருக்கிறான். தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும்தான் மேலே வருவான். இரண்டும் அப்போது இல்லை. "பந்தல் பிரிச்சாச்சு மாமா, உக்கார எடுத்த கதிரையெல்லாம் திருப்பி அனுப்பிரலாமா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் வாசலில் பந்தல் போட்டால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. கல்யாணத்துக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

நிலையத்தில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பதிவைக் கேட்டுவிட்டு, அப்பாவின் குரல் நன்றாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். என் வீட்டை விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் இருபது நிமிஷம் போக இருபது நிமிஷம் வர, அதற்குள் ஆளைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. டாக்டர் வெளியே போய்விட்டால் மற்ற ஐந்து பேருடைய பயிற்சியும் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அம்மா செத்துப்போய்விடுவாள். அதோடு, அந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு நாள். என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. எழுந்தேன், பல் விளக்கினேன், ஐந்து பேருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தேன், பொம்மைக்குத் தையல் போட்டேன். தினமும் மனநிலை பற்றிய படிவம் வரும். "நன்று" என்று போட்டேன். பொய்யென்றும் சொல்ல முடியாது. வலிக்கவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது அம்மாவை நினைத்துப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த பதிவுகளில் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், வலப்பனையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு ஊர் சுற்றியதே இல்லை. கடைசியில் கொடுத்த அறிக்கையில் குழுவிலேயே நிதானமானவள் நான்தான் என்று எழுதியிருந்தார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தம்பி வந்து நின்றான். மொட்டை அடித்த தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. "அம்மாவுக்குக் கொஞ்சம் சொகமில்லக்கா" என்றான். சரி என்றேன். அவிசாவளை தாண்டியதும் "கொஞ்சம் சீரியஸ்" என்றான். கினிகத்தேனையில் வேனை நிறுத்தச் சொல்லி, ஓரமாக நின்று அழுதுகொண்டே சொன்னான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். பாவிப் பயல், இத்தனை நாள் அதை என்னிடம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் யோசித்தேன்.

லயத்துப் பொம்பளைகள் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "ஐயோ, திடீர்னு கேட்டதுல புள்ள கல்லாப் போயிருச்சே" என்று என் தோளை உலுக்கினார்கள். அப்பா வாசலில் நின்று வந்தவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொன்னார். "நாந்தான் ஒருத்தரையும் மூச்சு விட விடல. சின்னவன் அந்த நம்பருக்கு அடிக்கப் போனான், புடுங்கி வச்சுக்கிட்டேன். புள்ள படிப்ப முடிக்கணும்ல?" அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் எழுதிக் கொடுத்ததை மீற இவர் யார் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த எனக்கு என்ன தகுதி?

மறுநாள் காலை அப்பா பால் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீனி போட மறந்திருந்தார். என் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எம்மேல கோவமாம்மா?"

"இல்லப்பா."

"சொல்லியிருந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பல்ல?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வந்திருப்பேம்பா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "அதான் சொல்லல."