துணை வராத கம்பவுண்டர்

கம்பவுண்டர் ஹயாத் பாஷாவை, செய்யாத குற்றத்துக்கு மனுப் போட்டு இந்த ஊர் விரட்டியது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவருக்கு அஞ்சலி எழுதுவேன். வேண்டாம் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் இறந்த செய்தி போன வியாழக்கிழமை ஒரு கார்டில் வந்தது. எங்கோ வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு இருந்தவர், விஷக்காய்ச்சலில் போய்விட்டாராம். அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். காபி கிளப்பில் உரக்கப் படித்தேன். "பாவம், நல்ல மனுசனுங்க" என்றார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். நான் கார்டை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. புளி வியாபாரி. சிப்பம் கட்ட வரும் பழைய பத்திரிகைத் தாள்களைப் பார்த்து எழுத்துக் கற்றவன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் காரிமங்கலம் சந்தையில் ஒரு நாள், பட்டப்பகலில், எனக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சு இடித்தது, விரல் மரத்தது, இதோ சாகிறேன் என்றே நினைத்தேன். சாகவில்லை. அடுத்த சந்தையிலும் அப்படியே. சந்தைக்குப் போவதை விட்டேன். பிறகு கரி எரித்து ஓடும் பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். பிறகு கடைத்தெருவையும் விட்டேன். கருப்புக் கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி மிக்சர் எழுதினார். பாட்டிலில் வேளைக்கு ஒரு வெட்டாக அளவு வெட்டிய காகிதத்தை ஒட்டிக்கொடுத்தவர் பாஷா. நாலாவது தடவை போனபோது அவர், நான் நீட்டிய காலி பாட்டிலை வாங்கவில்லை.

"ஏனுங்க, இந்தப் பாட்டிலு இல்லாம வாசப்படி தாண்டுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப உங்களுக்கு இருந்த ஒரு நோவு ரெண்டாயிருச்சுங்க."

கோபித்துக்கொண்டு கிளம்பினேன். அவர் பின்னாலேயே வெளியே வந்தார். "காட்டுல கரடி எதுக்க வந்தா ஓடறதுக்கு ஒடம்பு எப்படிக் கெளம்பும்? நெஞ்சு இடிக்கும், மூச்சு வாங்கும். சந்தையில கரடி இல்லீங்க, ஒடம்பு மட்டும் கெளம்பிருச்சு. நீங்க ஓடுனீங்கன்னா, கரடி இருந்தது நெசந்தான்னு அது நம்பிக்கும். நின்னு பாருங்க, தானா அடங்கும்" என்றார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது அவருக்கே வந்த நோயாம் அது.

அவர் வைத்தியம் இவ்வளவுதான். முதல் சந்தைக்கு என் பக்கத்தில் நின்றார். அடுத்ததற்குப் பத்தடி தள்ளி நின்றார். மூன்றாவதற்குச் சந்தை வாசலோடு நின்றுவிட்டார். நான்காவதற்கு வரவே இல்லை. "துணைங்கறது மருந்து மாதிரிங்க. அளவா குடுக்கணும், அப்பறம் நிறுத்தணும்" என்பார். எனக்கு இன்னமும் அந்தப் படபடப்பு வருவதுண்டு. வந்தால் நிற்கிறேன்.

எனக்குச் சந்தை என்றால், என் தங்கை மாதம்மாளுக்கு ஏரிக்கரை. அக்கரையில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். கரையில் ஒரு நாள் மயக்கம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போக மாட்டாள். பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. நாங்கள் எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தோம். நாலு தப்படி நடக்கவும் ஒருவர் துணை, குழந்தையைத் தூக்கி வந்து காட்ட ஒருவர். அந்த அன்பில் அவள் உலகம் சுருங்கிச் சுருங்கி அடுப்படியளவு ஆயிற்று.

பாஷா முதலில் டாக்டரைக் கொண்டு அவள் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகே நடக்க வைத்தார். இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் கரையின் முனையில் மாதம்மாளே சொன்னாள்:

"சாயபு, நீங்க பின்னால வந்தா எம்மனசு முதுகுலயே இருக்குது. இங்கயே நில்லுங்க. நான் செத்து வுழுந்தா மட்டும் வாங்க."

"செத்தா நான் எதுக்கும்மா? சர்ட்டிபிகேட்டுக் குடுக்க டாக்டருதான் வரணும்."

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். பாதிக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடப் பார்த்தேன். பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தும் விடவில்லை. "எந்திரிப்பாங்க, பொறுங்க" என்றார். அவள் முட்டியில் கையூன்றினாள். அதற்குள் கழனியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முனியப்பன் வண்டியைக் கொண்டு வந்தான்.

"வுடுங்கடா, நானே எந்திரிக்கறேன்!"

"பாவம், புத்தி கலங்கிப் பேசுது. தூக்குங்கப்பா."

ஒரு பொம்பிளை தரையில் கிடக்க, கம்பவுண்டர் மரம் மாதிரி நின்றார் என்று மனு எழுதினார்கள். நோயாளியைத் துணையில்லாமல் நடுவழியில் விட்டவர் என்பது குற்றச்சாட்டு. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னை ஒரே கேள்வி கேட்டார்: "அவர் அசையாம நின்னாரா?" "ஆமாங்க, ஆனா..." என்றேன். "கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போதும்" என்றபடி எழுதிக்கொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன். நான் யாரிடமும் பாதியில் வாயை மூடுகிறவனல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மூடினேன். அதே வாரம் பாஷாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். போகும்போது என்னிடம் கேட்டது இதுதான்: "தங்கச்சி மறுபடி நடந்தாங்களா?"

நடக்கவில்லை. அன்று வண்டியில் ஏற்றி வந்தவர்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, அந்தக் கரையில் தன்னால் எழ முடியாது என்பதைத்தான். வீட்டை விட்டு இறங்கி ஒன்றரை வருஷமாகிறது.

ஆகவே, நடக்க வேண்டியவை. மனுவில் கையெழுத்திட்டவர்கள், தாங்கள் பார்த்தது என்ன, விசாரிக்காமல் விட்டது என்ன என்று இரண்டாவது மனு எழுத வேண்டும். வாசகம் நான் சொல்கிறேன். அது அந்த அதிகாரிக்கும், பாஷாவின் மனைவிக்கு ஒரு நகலாகவும் போக வேண்டும். விசாரணையில் நான் விழுங்கிய மீதியை என் கையாலேயே எழுதி அதில் சேர்ப்பேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி பாட்டிலோடு அனுப்பாமல், அப்படியானால் அது என்ன நோய் என்றும் சொல்ல வேண்டும். பூசாரி கயிறு கட்டட்டும். கட்டிய பிறகு வீட்டோடு இரு என்று சொல்லக் கூடாது. மாதம்மாளின் மருமகன் குழந்தையைத் தூக்கி வருவதை நிறுத்த வேண்டும். இதற்கு அவள் என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

வரும் திங்கட்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை போகிறேன். அடுத்த வாரம் பத்தடி பின்னால் வருவேன். பாஷாவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு வேலைதான். இந்த ஊர் செய்ய வேண்டியது அதைவிடக் கடினம். அவள் வழியில் உட்கார்ந்தால் ஒருவரும் ஓடி வரக் கூடாது. முனியப்பன் வண்டி பூட்டக் கூடாது. அவரவர் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், அவள் எழுந்திருக்கும் வரை.