கோவிலம்பாக்கத்தில் குடித்த ஏலக்காய் டீ

பினாங்கில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன ஜனவரியில் இரண்டு வாரப் பயிற்சிக்காகத் தாம்பரம் வந்திருந்தேன். பினாங்கில் நான் வேலை பழகிய கிளினிக்கில் நோயாளிதான் நம்மைத் தேடி வருவார். இங்கே நர்ஸ் வீடு வீடாகப் போவார் என்றார்கள். அப்படி ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்கத்தான் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி டிக்கெட் வாங்கினேன். இதே பயிற்சிக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் மேடவாக்கம் பஸ் ஏறினேன். ஐம்பது ரூபாயை நீட்டினால் கண்டக்டர், "லேடீஸுக்கு ஃப்ரீம்மா, உள்ள வச்சிக்க" என்று சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். சாதாரண டவுன் பஸ்ஸில் இப்படித்தானாம். சும்மா கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. பத்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து கோவிலம்பாக்கம் நான்கு கிலோமீட்டர், ஆட்டோவில் போனேன்.

"இருநூறு குடும்மா. மெட்ரோ வேல நடந்துகினு கீது, ரோடே பேஜாரு" என்றார் டிரைவர். பேரம் பேசி நூற்றைம்பதுக்கு இறக்கினேன். ரோட்டைப் பார்த்தபின் இருநூறே கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்தப் பகுதியின் சுகாதார நர்ஸ் மல்லிகா அக்கா தெருமுனையில் நின்றிருந்தார். முதல் வீடு நூர்ஜஹான் ஆன்ட்டியுடையது. இரண்டு கண்ணிலும் புரை, கூடவே சர்க்கரை நோய். மறுநாள் இலவச முகாமில் அவருக்குக் கண் ஆபரேஷன். அக்கா வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு பார்த்துச் சொன்னால்தான் அன்று பதினோரு மணி வேனில் ஏற்றிக்கொள்வார்கள். பத்து நாளில் மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ். மகளை மணப்பெண்ணாகக் கண்ணால் பார்க்க வேண்டும், ஆன்ட்டிக்கு வேறு ஆசையில்லை.

நாங்கள் நுழையும்போதே பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிக்குத் தலைசுற்றல் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். "இங்கயே உக்காரு, வந்துடறேன்" என்று போனார்.

ஷமீமா எனக்கு டீ போட்டு எடுத்து வந்தாள். ஏலக்காய் வாசம் கூடமெல்லாம் பரவியது.

"எனக்கும் அரை டம்ளர் குடு" என்றார் ஆன்ட்டி. "வெளிநாட்டுல இருந்து வந்த புள்ள. வூட்டுக்கு வந்து தனியா குடிச்சா நல்லாவா இருக்கும்?"

"ம்மா, இப்ப ரத்தம் எடுப்பாங்கல்ல?"

"சாப்புடக் கூடாதுன்னுதான சொன்னாங்க. டீ ஒரு சாப்பாடாடி? சும்மா இரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத எனக்காக ஒருவர் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது. மூன்று வருடப் படிப்பில் ஒரு வரிகூட அந்த நிமிடம் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மல்லிகா அக்கா திரும்பி வந்து இரண்டு டம்ளர்களையும் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முகாமுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். வெறும் வயிற்று அளவு இல்லாமல் முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

"குடிக்கலைன்னே எழுதிடுங்களேன் சிஸ்டர்" என்றாள் ஷமீமா.

"கண்ணு விஷயம்மா. தப்பா எழுதி ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் அக்கா.

ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவி, முகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "நீ ஏம்மா அழுவுற? நானா கேட்டுக் குடிச்சது. உன் மொகந்தான் சரியா தெரில. கண்ணு சரியானதும் இன்னொரு வாட்டி வா."

அதற்குப்பின் ஏழு வீடுகள் போனோம். ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

வரப்போகிறவர்களுக்கு: தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கே கிளம்பினால் நெரிசல் குறைவு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், இன்று யார் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் எதுவும் வாங்கிக் குடிக்காதீர்கள். தண்ணீர் போதும் என்று அடம்பிடியுங்கள். இந்த ஊரில் விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடமாட்டார்கள்.

நான் பினாங்கு திரும்பிய வாரம் ஷமீமா நிக்காஹ் போட்டோ ஒன்றை அனுப்பினாள். அதில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆன்ட்டி மட்டும் மகளின் முகத்தோடு முகத்தை ஒட்டவைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். சிவப்புப் புடவை, மருதாணி, நெற்றிச்சுட்டி எல்லாம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.