மினுங்காத லாரி

கோவில்பட்டியில் உள்ள என் பெயிண்ட் கடைக்கு, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் கையளவு மர லாரியோடு வருவார். அவரே செய்தது. பளபளப்பை அடக்கும் மேட் கிளியர் ஸ்பிரே வாங்கி அடிப்பார். மறுவாரம் அதை வாசல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னும் மினுங்குதே" என்று முகம் வாடுவார்.

"மினுங்கினா என்ன அண்ணாச்சி?"

"எம்மவன் கடைசியா ஓட்டுன வண்டி இது. கரிசக்காட்டுத் தூசியில அது ஒருநாளும் மினுங்குனதில்ல."

நாலாவது முறை வந்தபோது, லாரி முழுக்கப் புழுதி படிந்ததுபோல் ஒளியடங்கியிருந்தது. முன்கண்ணாடி மட்டும் பளிச்சென்றிருந்தது. ஸ்பிரே படாதபடி டேப் ஒட்டி மறைத்திருக்கிறார்.

"கண்ணாடிய மட்டும் ஏன் விட்டுட்டிய?"

விரலால் அதைத் துடைத்தார்.

"அன்னைக்கு மார்கழிப் பனியில அவனுக்கு ரோடு தெரியலைலா."