பத்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டு

ஓட்னிக்கு அறுபத்துமூன்று வயது. அதில் முப்பத்தொரு வருஷத்தை ஓஸ்தால் ஊரின் மரச் சர்ச்சில் பெஞ்சுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தாள் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. பெயருக்குச் சர்ச் காப்பாளர். லைசென்ஸ் வாங்கிய எலெக்ட்ரீஷியனும் அவள்தான், வாசல் பனியைத் தள்ளுகிறவளும் அவள்தான், மணி அடிக்கிறவளும் அவள்தான். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. போன ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவாக்கிலேயே பிரசங்கத்தில் தூங்கிப்போனாள். குறட்டை வேறு. கிழவியாகிவிட்டோம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தது. மதியம் ஒரு மணிக்குத் தீத்தடுப்பு அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஊருக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை இல்லை. இருநூறு வருஷத்துப் பைன் மரம், மேலே தார்ப் பூச்சு. ஒரு பொறி போதும்.

காலையில் மெயினை அணைத்துவிட்டு, பெஞ்சுகளைச் சூடேற்றும் இணைப்பில் மீட்டரை வைத்தாள். மின்தடை எட்டு ஓம் என்று காட்டியது.

பத்து இருக்க வேண்டும். ஒவ்வொரு பெஞ்சுக்கடியிலும் சூடேற்றும் குழாய்கள் இரண்டு, ஒன்று அறுபது ஓம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருப்பதால் கூட்டினால் நூற்றிருபது. அப்படிப் பன்னிரண்டு பெஞ்சுகள் பக்க இணைப்பில். மின்சாரத்துக்குப் பன்னிரண்டு வழி திறந்திருக்கிறது. நூற்றிருபதைப் பன்னிரண்டால் வகுத்தால் பத்து. ஒரு குழாய் செத்தால் அந்த பெஞ்சின் வழி அடைபடும், எண் பதினொன்றை நெருங்கும். இத்தனை வருஷத்தில் அந்த எண் ஏறித்தான் பார்த்திருக்கிறாள், இறங்கிப் பார்த்ததில்லை.

மீட்டரின் பேட்டரியை மாற்றினாள். அதே எட்டு. மின்தடை இறங்கினால் மின்சாரம் கூடுதலாகப் பாய்கிறது என்று அர்த்தம்.

பாட்டுத்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். நூற்றிருபதை எட்டால் வகுத்தால் பதினைந்து. பன்னிரண்டு வழி இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. அந்த மூன்று எங்கிருந்து வந்தது? ஒரு பெஞ்சின் இரண்டு குழாய்களையும் தொடரிலிருந்து பிரித்துப் பக்க இணைப்பாக மாற்றினால் அறுபதில் பாதி, முப்பது ஓம். நூற்றிருபதில் அது கால்வாசி. அந்த ஒற்றை பெஞ்சு நாலு பெஞ்சுக்குச் சமமாக மின்சாரத்தை இழுக்கும். ஒன்று போய் நாலு, கூடுதல் மூன்று. ஆக, ஒரே ஒரு பெஞ்சில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அங்கே நாலு மடங்கு சூடு.

முன்வரிசையில் உட்கார்ந்து குளிருது என்று புலம்பும் சபைத் தலைவர் ஹால்வர் மேல்தான் முதல் சந்தேகம். போன் போட்டாள்.

"ஹால்வர், உன் பெஞ்சுக்கடியில ஏதாச்சும் நோண்டினியா?"

"எனக்கு பல்பு மாட்டவே தெரியாது தாயே! நீ குறட்டை விட்டதை மறைக்க என் மேல பழி போடுறியா?"

ஒவ்வொரு பெஞ்சாக முட்டி போட்டு, மூடியைக் கழற்றிப் பார்த்து, மூடினாள். பதினொன்று முடிந்தது, எல்லாம் சரி. மிச்சமிருந்தது கதவோரத்துக் கடைசி பெஞ்சு, அவளுடையது. யார் தொடப்போகிறார்கள் என்று கடைசிக்கு விட்டிருந்தாள்.

அங்கேதான் இருந்தது. கால் வைக்கும் பலகையின் அடிப்பக்கம் ரொட்டி கருகிய மாதிரி பழுப்பேறியிருந்தது. வயரில் சுற்றிய டேப்பின் நுனி, பிரிக்க வசதியாக உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. நாற்பது வருஷமாக வீட்டில் அப்படி நுனி மடிப்பவன் அவள் புருஷன் ஈவார், ரிட்டயரான பஸ் டிரைவர். சர்ச் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்கும். போன மாசம் சாப்பிடும்போது, "அந்தக் குழாயெல்லாம் எப்படித்தான் இணைச்சிருக்கே?" என்று கேட்டான். தன் வேலையைப் பற்றி அவன் கேட்டதே அதிசயம் என்று அவளும் சந்தோஷமாக, உருளைக்கிழங்கை ஆற வைத்துவிட்டு, எல்லாவற்றையும் விளக்கினாள்.

பிரித்துப் பழையபடி தொடரில் இணைத்தாள். மீட்டர் பத்து காட்டியது. அப்போதுதான் அழுகை வந்தது. கோபமா, சோர்வா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி ஹோக்கோன் சரியாக ஒரு மணிக்கு வந்தார். பத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து டார்ச் அடித்தார்.

"இந்தக் கருகல் புதுசா இருக்கே?"

"இணைப்பு தப்பா இருந்துச்சு. இன்னிக்குத்தான் மாத்தினேன்."

"யாரு செஞ்சது? வெளியாள் கை வச்சிருந்தா மொத்த வயரிங்கையும் பிரிச்சுப் பாக்கணும். ஜனவரிக்கு முன்னாடி திறக்க முடியாது."

ஓட்னி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வெளியாள் இல்லை. நான்தான்."

"நீங்களா?"

"கால் விறைச்சுப் போகுது. வயசாச்சு."

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: லைசென்ஸ்தாரரின் தவறு, சரிசெய்யப்பட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் பெயருக்கு நேரே விழுந்த முதல் கரும்புள்ளி. கீழே கையெழுத்துப் போட்டாள்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று வீடு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். ஈவார் மீன் அவித்துக்கொண்டிருந்தான்.

"மனுஷனா நீ? சர்ச்சைக் கொளுத்தப் பாத்தியே! நாலு மடங்கு சூடு, பலகை கருகிக் கிடக்கு!"

அவன் முகம் வெளுத்தது. கரண்டியைக் கீழே வைத்தான். "நாலா? ரெண்டு குழாய்தானே, ரெண்டு மடங்குன்னுல்ல நினைச்சேன்."

"நினைச்சே!"

அடுப்பை அணைத்தான். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கியபடி கேட்டான்.

"போன ஞாயிறு... கால் சூடா இருந்துச்சா?"

ஓட்னி பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருந்துச்சு," என்றாள். "தூங்கியே போயிட்டேன்."