பட்டன் குடிவந்த வாரம்

எங்கள் பக்கத்து வீட்டுக்கு டெய்லர் அக்கா குடிவந்தபோது, லாரியிலிருந்து முதலில் இறங்கியது அவள் குரல்தான். "மெஷினைப் படுக்கப் போடாதீங்கப்பா, நிமித்தியே தூக்குங்க!" கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. கடைக்குப் போனாலும் அதைக் கழற்றமாட்டாள் என்பது பிறகு தெரிந்தது. என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "உங்க சட்டை ஒரு இஞ்சு லூசு" என்று சொன்னவள்.

கடைசியாக இறங்கியது பட்டன். பழுப்பு நாய், கறுப்பு மூக்கு. வழியெல்லாம் லாரி போட்ட கூச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தது. கேட்டருகே போய் உட்கார்ந்ததுதான், உள்ளே வரவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பொழுது சாய்ந்ததும் தலையைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தது.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "இதோ பாரும்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குவேன். அப்புறமும் ஊளை கேட்டுச்சுன்னா நாயை வேற எங்கயாவது விட்டுடணும்."

அக்காவின் முகம் செத்துப்போனது. குட்டியிலிருந்து வளர்த்த நாய். துணி வெட்டி மிஞ்சும் துண்டுகளில்தான் அது உருண்டு வளர்ந்தது. "சத்தத்துக்குத்தான் பயப்படுது" என்று முடிவுகட்டினாள். அவள் முடிவுகட்டினால் கத்தரி போட்ட துணி மாதிரி, திரும்ப ஒட்டாது.

மறுநாளே அந்த வீடு ஊமையானது. தையல் மெஷினுக்குப் போர்வை, டிவிக்குத் தடை. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். நாள் பூராவும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திப் பழகிய தொண்டை. பாவம், அந்த மனிதர் சொந்த வீட்டில் உப்பு கேட்கக் கையால் ஜாடை காட்டினார். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, அந்த வீட்டில் அது தினமும் விழுந்தது, கேட்கவும் கேட்டது. அக்கா சுவரோரமாக வந்து என்னிடம் கிசுகிசுப்பாள்: "ஒரு வாய்கூடச் சாப்பிடலைங்க. ஞாயித்துக்கிழமை வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஊளை குறையவே இல்லை. வீடு அமைதியாக ஆக, அது இன்னும் நன்றாகக் கேட்டது.

சனிக்கிழமை என் பேண்ட் ஜிப் போய்விட்டது. மறுநாள் வெளியூர்ப் பயணம், இருந்த ஒரே நல்ல பேண்ட் அதுதான். அக்கா தொழில் வழக்கப்படி, "நாளைக்குக் கண்டிப்பா" என்றாள். டெய்லர்கள் சொல்லும் நாளை எந்தக் காலண்டரில் இருக்கிறதோ! நான் நகரவில்லை.

"சரி, கையாலயே தச்சுடறேன்."

"கைத்தையல்ல ஜிப் நிக்காதுக்கா. நடுவழியில என் மானம் போயிடும்."

பெருமூச்சு விட்டுப் போர்வையை நீக்கினாள். கேட்டைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தாள்.

மெஷின் கடகடவென்று ஓடியது. கேட்டருகே இரண்டு காதுகள் நிமிர்ந்தன. பட்டன் எழுந்து, வாசற்படி தாண்டி, நேரே மெஷினுக்கு அடியில் புகுந்து பெடலை ஒட்டிப் படுத்தது. பழைய வீட்டிலும் அதன் இடம் அதுதானாம்.

"அடப்பாவி, இதுக்காடா இத்தனை நாளா அழுத? நாந்தான் மக்கு!" தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஜிப் முடிந்த பிறகு, என் பேண்ட்டில் கிழியாத இடத்தையெல்லாம் தைத்தாள். உள்ளேயிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அப்போ நான் பேசலாமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அன்று பட்டன் தட்டை நக்கி வழித்தது.

மறுநாள் நான் பையோடு கிளம்பும்போது வீட்டுக்காரர் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நாய் அடங்கிடுச்சு, சந்தோஷம். ஆனா விடிஞ்சதுலேருந்து என்னம்மா இந்தக் கடகட? கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?"

அக்கா மரியாதையாகப் பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. அடியிலிருந்து பட்டன் தலையை நீட்டி அவரைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, நிதானமாக, ஒரே ஒரு ஊளை விட்டது.

வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"தைம்மா தாயே, தை!"