கேமராவுக்கு வைத்த சந்தனம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் படம் பார்க்க யார் தயவும் வேண்டாம். பேராக் மாநிலத்து மலையோரம் வாழை போட்டிருக்கும் என் தம்பி, காட்டு ஓரத்தில் ஆள் வைத்து மாட்டிய கேமராவை என் போனிலும் சேர்த்துவிட்டான். யானையோ பன்னியோ பக்கத்தில் வந்தால் மணி அடித்துப் படம் வரும். படத்தில் யானை இருந்தால் அன்றைக்கு அவன் தோட்டத்துக்குள் போகமாட்டான். முன்பு ஒரு யானையைப் பட்டாசு போட்டு விரட்டப்போய், அது திருப்பித் துரத்தி, விழுந்து கால் முறிந்தது. இன்னும் நொண்டித்தான் நடக்கிறான். ஓட முடியாது.

போன வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, சுங்கை பினாங்கில் என் வீட்டில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. படம் முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

தம்பியைக் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு பேசினான்.

"தோட்டத்துக்குத்தான் போறேன்கா. படத்துல ஒன்னும் இல்ல. வெயில் பட்டிருக்கும் லா."

வெயில் கட்டி கட்டியாகவா விழும்? புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வருஷா வருஷம் மெஷினுக்குப் பொட்டு வைத்தவள் நான்.

"நேத்து கேமராவுக்குச் சந்தனம் வச்சியா?"

"நீதானே சொன்ன, ஒரு சாமானையும் விடாதேன்னு. வெட்டுக்கத்தி, மோட்டார், எல்லாத்துக்கும் வச்சேன்."

"கேமராவுல எங்க வச்ச?"

"நடுவுல, கண்ணாடி மேல."

கேமராவின் கண்தான் மறைந்திருக்கிறது. உயிருள்ளது ஏதோ பக்கத்தில் வராமல் மணி அடிக்காது என்று கேமராவை மாட்டிக் கொடுத்த ஆளே சொல்லியிருந்தான்.

"திரும்பு."

"பன்னியா இருக்கும்கா."

"பன்னியா இருந்தா உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். மோட்டாரை நிறுத்துடா!"

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, அது அவனுக்குத் தெரியும். சத்தம் நின்றது. அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "அக்கா, வாழை முறியுது" என்றான். லைன் அறுந்துபோனது.

கோப்பி ஆறி ஏடு கட்டியது. நான் அவன் நம்பரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான், வீட்டிலிருந்து.

"யானைதான்கா. மோட்டாரை அணைச்சதாலதான் சத்தமே கேட்டுச்சு. இன்னொரு வளைவு போயிருந்தேன்னா..." என்றான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய பழைய வாய் திரும்பிவிட்டது. "சந்தனம் வைக்கச் சொன்னது யாரு?"

"வைக்கச் சொன்னேன். கண்ணுலயா வைக்கச் சொன்னேன்?"

போனை வைத்துவிட்டு ஆறிப்போன கோப்பியைக் கொட்டினேன்.

இந்த வருஷம் பூசைக்கு முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கேமராவைத் தொடாதே, அது நிற்கிற கம்பத்துக்குப் பொட்டு வை என்று. போன வருஷம் அதைச் சொல்லாமல் விட்டது நான்தான்.